மயக்க மருந்துத் தவறு: முதலில் காவல் நிலையமா, நுகர்வோர் ஆணையமா?

தாமிரபரணி

ஆபரேஷன் தியேட்டருக்குள் நடந்து போன ஆள் ஒரு மணி நேரத்தில் வென்டிலேட்டரோடு வெளியே வருகிறார், இல்லை பிணமாக வருகிறார். வீட்டுக்காரர்களுக்கு ஊரே சொல்லும் யோசனை: "கன்ஸ்யூமர் கோர்ட்டுல போடுங்க." நான் இதற்கு எதிர்க்கட்சி. முதலில் போக வேண்டியது காவல் நிலையம்தான். ஆணையத்தில் மனு தயாராகி, எண் விழுந்து, நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள் கேஸ் ஷீட்டைப் புதிதாகவே எழுதி முடித்திருப்பார்கள். போலீஸ் வந்தால் அன்றைக்கே கோப்பு கைக்கு வரும், உடல் கூறாய்வுக்குப் போகும்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(1) எதற்கு இருக்கிறது? கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு வரை. சிகிச்சையின்போது நடந்தால் டாக்டருக்கு இரண்டு ஆண்டு வரை. சலுகை கொடுத்து எழுதிய பிரிவைக்கூடப் பயன்படுத்தக் கூடாதென்றால் எப்படி?

மறுப்பவர்கள் சட்டத்தோடு வாருங்கள்.

வழக்குரை

சட்டத்தோடே வருகிறேன். நீங்கள் இரண்டு தனி வேலைகளை ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள்.

உடல் கூறாய்வு வேண்டும் என்பது சரி. அதற்கு டாக்டர் மேல் 106 போட வேண்டியதில்லை. "மரணத்தின் காரணம் தெரியவில்லை, சந்தேகம் இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194-ன் கீழ் (பழைய சட்டத்தில் 174) விசாரணை தொடங்கி உடல் கூறாய்வுக்குப் போகும். அதே மனுவில், அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டு டாக்டர் குழுவாகச் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றும் கேளுங்கள்.

106 விஷயத்துக்கு வருவோம். 2005-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஜேக்கப் மேத்யூ வழக்கு என்ன தெரியுமா? லூதியானாவில் மூச்சுத் திணறிய நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. அப்படிப்பட்ட வழக்கிலேயே டாக்டர் மேல் கிரிமினல் குற்றம் நிற்காது என்று ரத்து செய்தார்கள். சிலிண்டர் இல்லாததற்கு மருத்துவமனை சிவில் பொறுப்பு ஏற்க வேண்டியிருக்கலாம், அது வேறு என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த சுரேஷ் குப்தா வழக்கும் மூச்சுக்குழல் சம்பந்தப்பட்டதுதான். மூக்கு அறுவை சிகிச்சையில் சரியான அளவு கஃப் ட்யூப் (ஓரத்தில் ஊதி அடைக்கும் மூச்சுக்குழல்) போடாததால் ரத்தம் மூச்சுப்பாதைக்குள் இறங்கியது என்பது குற்றச்சாட்டு. அதுவும் ரத்து. கவனக்குறைவு போதாது, படுமோசமான கவனக்குறைவு வேண்டும் என்பது அன்றிலிருந்து விதி. போலீஸ் மேலே போவதற்கு முன் அதே துறை அரசு டாக்டரிடம் கருத்து வாங்க வேண்டும், வழக்கமான பாணியில் கைது செய்யக் கூடாது. லலிதா குமாரி தீர்ப்பும் (2013) மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளில் முதல்கட்ட விசாரணைக்கு இடம் கொடுக்கிறது. 106(1) ஜாமீனில் விடக்கூடிய குற்றம் வேறு. ஆக உங்கள் எஃப்.ஐ.ஆர். ஒரு நாள் செய்தியாகும். பிறகு ரத்து மனு, தடை, வருடக்கணக்கில் காத்திருப்பு. அதற்குள் ஆணையத்தின் இரண்டு ஆண்டு காலவரம்பு ஓடிவிடும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

செவோ_டாக்டர்

மயக்கவியல் என் தொழில். அடிக்க வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டு அடியுங்கள்.

கெட்ட முடிவெல்லாம் தவறு இல்லை. முதுகில் ஊசி போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் எழுந்தால் தலைவலி, படுத்தால் சரியாகிவிடும்: அது தெரிந்த பக்கவிளைவு, வழக்கு இல்லை. தசைத் தளர்வு மருந்துக்கு முதல்முறையாக ஒவ்வாமை வந்து இரத்த அழுத்தம் விழுந்தால் அதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. மூச்சுப்பாதைக்குள் ட்யூப் போடக் கஷ்டமான கழுத்தும் தாடையும் உண்டு.

வழக்கு எங்கே பிறக்கிறது என்றால், வந்த ஆபத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆனது, கண்டுபிடித்ததும் என்ன செய்தார்கள் என்பதில். ஆக்சிஜன் முழுசாகப் போகாமல் நாலைந்து நிமிடம் ஆனால் மூளை கெட ஆரம்பிக்கும். ட்யூப் உணவுக்குழாய்க்குள் போவது யாருக்கும் நடக்கும். வெளிவிடும் மூச்சை அளக்கும் கேப்னோகிராப் கருவியில் கார்பன் டை ஆக்சைடு அலை வராதபோது உடனே தெரிந்துவிடும், எடுத்துவிட்டு மறுபடி போடலாம். அந்தக் கருவி இல்லாமல் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பினால், முன்பே நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்திருந்த ஆளுக்கு அளவு சரியச் சில நிமிடம் பிடிக்கும். அது சரியும் வரை "எல்லாம் நார்மல்" என்றே தோன்றும். அதனால் என்னிடம் கேட்டால் முதல் கேள்வி, "அன்றைக்கு அந்த மேசையில் கேப்னோகிராப் இருந்ததா, எண்ணை எழுதியிருக்கிறார்களா?"

இன்னொன்று கணக்கு. மரத்துப்போகச் செய்யும் பூபிவக்கேன் மருந்தின் உச்ச அளவு கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம். 50 கிலோ ஆளுக்கு 100 மில்லிகிராம், அதாவது 0.5 சதவீத மருந்தில் 20 மில்லி. நரம்பைச் சுற்றி 30 மில்லி போட்டு, வலிப்பு வந்து இதயம் நின்றால் அது ரத்தத்தில் மருந்து ஏறியதன் விளைவாக இருக்கலாம். அதற்கு முறிவு மருந்து 20 சதவீத லிப்பிட் (கொழுப்பு) கரைசல், கிலோவுக்கு 1.5 மில்லி முதல் டோஸ். அந்த ஆளுக்கு 75 மில்லி. அந்த பாட்டில் தியேட்டரில் இருந்ததா என்பது நியாயமான கேள்வி.

தாமிரபரணி

டாக்டர், நன்றாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் இதையெல்லாம் நோயாளியின் மனைவி எப்படி நிரூபிப்பது? தியேட்டருக்குள் இருந்த எல்லாரும் எதிர்த்தரப்பு, தெரிந்த ஒரே ஆள் மயக்கத்தில். ஆம்பியூலை (மருந்துக் குப்பியை) மாற்றிப் போட்டவர்களே அதைக் குப்பையிலும் போடுவார்கள். அதனால்தான் போலீஸ் என்கிறேன்.

கோப்பறை_கலா

மருத்துவக் கோப்புகளோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். போலீஸ் வரும் வரை காத்திருக்கவே வேண்டாம்.

அன்றைக்கே எழுத்து மூலமாக விண்ணப்பம், இரண்டு பிரதி, ஒன்றில் மருத்துவமனை முத்திரையும் தேதியும். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் கோப்பு கொடுக்க வேண்டும். உள்நோயாளி கோப்பை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். "டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்துட்டோமே" என்பார்கள், அதோடு திரும்பிவிடாதீர்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டியவை: அறுவைக்கு முந்தைய அனஸ்தீசியா ஃபிட்னஸ் தாள், மயக்க மருந்துக்கான தனி ஒப்புதல் படிவம், நிமிட வாரியான அனஸ்தீசியா சார்ட், தியேட்டர் பதிவேட்டின் அந்தப் பக்கம், ரிக்கவரி அறைக் குறிப்பு, ஐ.சி.யு. சார்ட், நர்ஸ் குறிப்புகள். பக்க எண் போட்டு, சான்றொப்பம் இட்ட பிரதி.

அதே கடிதத்தில் மானிட்டரின் ட்ரெண்ட் பதிவையும் (நேரவாரியாகச் சேமித்த அளவுகள்) சிசிடிவி காட்சியையும் அழிக்காமல் வைக்கும்படி எழுதுங்கள். அந்த நினைவகம் நிறைந்ததும் தானே மேலெழுதிக்கொள்ளும்.

இனி, திருத்த முடியாதவற்றைச் சொல்கிறேன். அனஸ்தீசியா சார்ட்டை மறுபடி எழுதலாம். மருந்துக் கடை பில்லின் நேரத்தை எழுத முடியாது. சார்ட் 12.10-க்கு இதயம் நின்றது என்கிறது. அட்ரினலின் பத்து ஆம்பியூலுக்கு 11.42-க்கே பில் விழுந்திருக்கிறது என்றால் அந்த 28 நிமிடத்துக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனைத் தாளில் மாதிரி எடுத்த நேரம், ரத்த வங்கியில் பை கொடுத்த நேரம், 108 வண்டியின் பயணப் பதிவு எல்லாம் அதே ரகம். சின்ன நர்சிங் ஹோமிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்றியிருந்தால், அங்கே ஆளைச் சேர்த்தபோது எழுதிய முதல் குறிப்புதான் தங்கம். ட்யூப் சரியான இடத்தில் இருந்ததா, வந்ததும் மாற்றினார்களா, கண்மணி எப்படி இருந்தது என்றெல்லாம் அந்த டாக்டர் தனக்காக எழுதியிருப்பார்.

செவோ_டாக்டர்

கலா மேடம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஒன்றை மறுக்கிறேன்.

சேர்ப்பது: மேசையிலேயே மரணம் என்றால் ட்யூப், சலைன் ஊசி, முதுகில் வைத்த கதீட்டர் (மெல்லிய குழாய்) எதையும் பிடுங்கக் கூடாது. அப்படியே உடல் கூறாய்வுக்குப் போக வேண்டும். "அழகாக்கி" அனுப்பினால் ட்யூப் எங்கே இருந்தது என்ற கேள்விக்குப் பதிலே இல்லாமல் போய்விடும். ஆக்சிஜன் குறைந்து போனதைக் கத்தி காட்டாது என்பதையும் மனதில் வையுங்கள். மாரடைப்பு, நுரையீரல் அடைப்பு, வாந்தி மூச்சுப்பாதைக்குள் இறங்கியது ஆகியவற்றை உறுதி செய்யும் அல்லது விலக்கும். மற்றதைச் சார்ட்தான் சொல்ல வேண்டும்.

மறுப்பது: பின்னால் எழுதிய சார்ட் என்றாலே மோசடி என்று நினைக்காதீர்கள். இதயம் நின்ற ஆளின் நெஞ்சை அழுத்திக்கொண்டு யாரும் பேனா பிடிக்க மாட்டார்கள். "நிகழ்வுக்குப் பின் எழுதியது" என்று நேரத்தோடு குறித்திருந்தால் அது நேர்மையான பதிவு. எனக்குச் சந்தேகம் வருவது வேறு மாதிரி சார்ட்டில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 120/80, 98 சதவீதம் என்று கோடு போட்டாற்போல் வந்து, திடீரென்று "இதயத் துடிப்பு நின்றது" என்று முடிந்தால், எழுதியவர் மானிட்டரைப் பார்க்கவில்லை, அல்லது அறையிலேயே இல்லை. மயக்கம் கொடுத்தவர் முடியும் வரை அந்த அறையை விட்டுப் போகக் கூடாது. ஒரே ஆள் இரண்டு தியேட்டரை ஓட்டினார் என்று பதிவேடு காட்டினால் அதற்கு மேல் நிபுணர் கருத்து எதற்கு? நோயாளி காலையில் இட்லி சாப்பிட்டதை மறைத்திருந்தால் (திட உணவுக்கு ஆறு மணி நேரம், தண்ணீருக்கு இரண்டு) அது எங்களுக்குச் சாதகம். ஃபிட்னஸ் தாளில் "கேட்டேன், சொன்னார்" என்று குறித்திருந்தால் மட்டும்.

வழக்குரை

நிபுணர் கருத்து என்றதும் இரண்டு தரப்பும் தீர்ப்புகளை வீசிக்கொள்ளும் என்பதால் நானே வைத்துவிடுகிறேன். ஒவ்வொரு வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று வி. கிஷன் ராவ் வழக்குத் தீர்ப்பு (2010) சொன்னது. ஆனால் மயக்கம் சம்பந்தமாகவே 2021-ல் ஹரீஷ் குமார் குரானா வழக்கு வந்தது. ஒரு சிறுநீரகத்துக்கு அறுவை முடிந்து, பிறகு இரண்டாவதற்கு மயக்கம் கொடுத்ததும் இதயம் நின்றது. தேசிய நுகர்வோர் ஆணையம் 17 லட்சம் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: நோயாளி பிழைக்கவில்லை என்பதாலேயே கவனக்குறைவு ஆகாது, மருத்துவச் சான்று எங்கே என்று கேட்டது. மயக்க வழக்கு போடுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு இதுதான். எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் எடுத்து வைக்கும்.

தாமிரபரணி

அப்போ ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு? 1998. குளோராம்பெனிகால் போட வேண்டிய குழந்தைக்கு நர்ஸ் குளோரோகுயின் ஏற்றி, இதயம் நின்று, மூளை கெட்டது. குழந்தைக்குப் பன்னிரண்டரை லட்சம், பெற்றோருக்கு ஐந்து லட்சம். மருந்து மாறினால் நிபுணர் வந்து என்ன சொல்லப் போகிறார்?

வழக்குரை

அதுதான் கோடு, சரியான இடத்தில் இழுத்துவிட்டீர்கள். மருந்து மாறியது, குழாய் மாறியது, ஆள் இல்லாத தியேட்டர்: உண்மையே பேசும். முதுகு ஊசிக்கான பூபிவக்கேனுக்குப் பதில் ரத்தக்கசிவை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம் ஏறுவது உலகம் முழுக்கப் பதிவான தவறு. ஆம்பியூல்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். அங்கே நிபுணர் தேவையில்லை. "டோஸ் அதிகம்", "ட்யூப் போடத் தாமதம்" என்றால் எம்.டி. அனஸ்தீசியா படித்தவரின் எழுத்துக் கருத்து இல்லாமல் மனு போடாதீர்கள். பொது மருத்துவர் கருத்து போதாது.

இப்போது எங்கே போடுவது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எல்லை என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல, மருத்துவமனைக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். பில் 3 லட்சம், கேட்பது 80 லட்சம் என்றாலும் மாவட்டம்தான்; 5 லட்சம் வரை கட்டியிருந்தால் மனுக் கட்டணமே கிடையாது. பழைய சட்ட நினைப்பில் மாநில ஆணையத்துக்கு எடுத்துப்போய்த் திரும்ப வாங்கி வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நோயாளி குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், அதன் மேல் 15. அதைத் தாண்டினால் அவர்கள் பதில் மனு ஏற்கப்படாது என்று 2020-ல் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. தோற்றவர் மேல்முறையீட்டுக்கு 45 நாள். மருத்துவமனை தோற்றால் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

யாரை எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது என்பதில் கவனம். மயக்கவியல் டாக்டர்கள் பலர் அந்த மருத்துவமனை ஊழியர் அல்ல, கேஸுக்கு இவ்வளவு என்று வந்து போகிறவர்கள். "அவர் எங்க ஆள் இல்லை" என்று மருத்துவமனை கைகழுவப் பார்க்கும். சவிதா கார்க் தீர்ப்பு (2004) அதற்கு வாய்ப்பூட்டு: மருத்துவமனைதான் பதில் சொல்ல வேண்டும், டாக்டரைச் சேர்க்காததால் மனு தள்ளுபடியாகாது. இருந்தாலும் மருத்துவமனை, அறுவை டாக்டர், மயக்கவியல் டாக்டர், அவர்களின் காப்பீட்டு நிறுவனம் நால்வரையும் சேருங்கள். பணம் கடைசியில் காப்பீட்டிலிருந்துதான் வரும்.

கேள்விக்காரன்

அரசு மருத்துவமனை என்றால்? அங்கே பில்லே கிடையாதே.

வழக்குரை

எல்லாருக்கும் இலவசம் என்றால் நுகர்வோர் ஆணையம் இல்லை என்பது வி.பி. சாந்தா தீர்ப்பு (1995). ஆனால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தனியார் மருத்துவமனையில் அறுவை என்றால் காப்பீடு பணம் கட்டுகிறது, அது கட்டணச் சேவைதான். இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் ஆணையத்துக்குள் வரும் என்று 2007-ல் தீர்ந்துவிட்டது.

முழு இலவச அரசு மருத்துவமனைக்கு சிவில் வழக்கு அல்லது உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனப் பிரிவு 226-ன் கீழ் ரிட் மனு. உண்மைகள் சர்ச்சையில் இருந்தால் ரிட் போகாது. அதனால் முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் விசாரணைக் குழு அறிக்கையை எடுங்கள். அரசே தவறை ஒப்புக்கொண்ட தாள் கையில் இருந்தால் ரிட் வேகமாக நகரும். நாகர்கோவிலில் 2011-ல் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்சைடு போன சம்பவத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அரசை இழப்பீடு கொடுக்க வைத்தது.

மருத்துவக் கவுன்சில் புகார் பணம் வாங்கித் தராது, பதிவை நீக்கலாம், எச்சரிக்கலாம். அங்கே கிடைக்கும் முடிவு ஆணையத்தில் சான்றாகப் பயன்படும் என்பதால் இணையாகப் போடுங்கள். வக்கீல் கட்டணம் முடியாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை.

செவோ_டாக்டர்

நிரந்தர மக்கள் நீதிமன்றத்தை விட்டுவிட்டீர்களே. மருத்துவமனைச் சேவையும் அதில் வரும், ஒரு கோடி வரை. சமரசம் ஆகாவிட்டால் அவர்களே தீர்த்து வைக்கலாம். எங்கள் தரப்பு உட்கார்ந்து பேசுவது அங்கேதான்.

வழக்குரை

பேசுவார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே மனு போட்ட பிறகு அதே தகராறோடு வேறு நீதிமன்றம் போக முடியாது, தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை. தவறு பளிச்சென்று தெரியும் வழக்குக்கு மட்டும் நல்ல இடம்.

கேள்விக்காரன்

ஆள் கோமாவில் இருந்தால் யார் கையெழுத்து போடுவது?

வழக்குரை

மனைவி தன் பெயரிலேயே போடலாம். பணம் கொடுத்தவரும் நுகர்வோர்தான், ஸ்பிரிங் மெடோஸில் பெற்றோருக்குத் தனித் தொகை வந்தது அப்படித்தான். கணவரின் வங்கிக் கணக்கையோ சொத்தையோ தொட வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தில் காப்பாளர் நியமனம் கேட்க வேண்டும். காலவரம்பு ஓடிக்கொண்டே இருக்கும், குணமாவார் என்று காத்திருக்காதீர்கள். தொகை கேட்கும்போது செலவான பில்லோடு நிறுத்தாமல் இனி ஆகும் செலவுக்கும் தாள் வையுங்கள்: ஆள் வைத்துப் பார்க்கும் மாதச் சம்பளம், ட்யூப் உணவு, பிசியோதெரபி, கட்டில், சக்ஷன் கருவி. "மன உளைச்சலுக்கு ஐம்பது லட்சம்" என்ற ஒற்றை வரியை யாரும் மதிப்பதில்லை.

தாமிரபரணி

காவல் நிலையம் என்று நான் சொன்னதை 194 என்று திருத்திக்கொள்கிறேன். 106 விஷயத்தில் என் கருத்து அப்படியே. ஆளில்லாமல் இரண்டு தியேட்டர் ஓட்டியது படுமோசமான கவனக்குறைவு இல்லையென்றால் வேறு எது? இன்னொரு வேடிக்கை: டாக்டருக்கு இரண்டு ஆண்டு என்ற சலுகை மரணத்துக்கு மட்டும்தான். கொடுங்காயத்துக்கான 125(b)-யில் மூன்று ஆண்டு வரை உண்டு, அங்கே சலுகை எழுதவில்லை. செத்தால் இரண்டு, பிழைத்தால் மூன்று!

வழக்குரை

அதை நானும் கவனித்திருக்கிறேன். எழுதியவர்கள் கவனிக்கவில்லை.

கோப்பறை_கலா

சண்டைக்கு நடுவில் ஒரு சின்ன வேலை. மருந்துக் கடை பில் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தாள், சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளையாகிவிடும். லேமினேஷன் பண்ணிவிடாதீர்கள், அந்தச் சூட்டில் முழுக்கக் கறுத்துப் போகும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, மூலத்தை வெயில் படாமல் தனிக் கவரில் வையுங்கள்.